இன்டிசைன் ஷார்ட்கட்டுகள்: ஒரு நாவலை லேஅவுட் செய்யும் வரிசையிலேயே கற்றுக்கொள்ள

புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் அடோபி மென்பொருளான இன்டிசைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரியம் செய்வார்கள். நாலைந்து பக்க ஷார்ட்கட் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும். கை பழையபடி மவுஸுக்கே போகும். பட்டியல் அகரவரிசையிலோ மெனு வரிசையிலோ இருக்கிறது, வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை. அதனால்தான் மனதில் நிற்பதில்லை.

இங்கே 200 பக்கத் தமிழ் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருத்திய யூனிகோட் கோப்பு கையில் வந்ததிலிருந்து பிடிஎஃப் அனுப்பும்வரை எந்தக் கட்டத்தில் எந்த விசை தேவையோ, அந்த வரிசையிலேயே போகிறேன். விசைகள் விண்டோஸுக்கானவை. மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்டு, ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

எழுத்துகளைப் பற்றி ஒரு சங்கதி. தமிழில் எழுதும்போது இரண்டு எழுத்துகள் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் கீழே ‘டீ’ என்றால் டீக்கடையின் டீ, ‘டி’ என்றால் டெல்லியின் டி. ‘பி’ வரும் இடங்களில் எந்தப் பி என்று சொல்லிவிடுகிறேன்.

1. கோப்பைத் திறப்பதற்கு முன்

இந்த அரைமணி நேர வேலையைத் தாண்டிக்கொண்டு போனவர்கள்தான் பிறகு “ஷார்ட்கட் வேலை செய்யவில்லை” என்று வந்து நிற்பார்கள்.

முதலில் கீபோர்டு. வலப்பக்கம் எண் கீபேட் உள்ளதாக வாங்குங்கள். ஸ்டைல்களுக்கு (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் தொகுத்து வைப்பது) நாம் வைக்கும் ஷார்ட்கட்டை இன்டிசைன் அந்தக் கீபேட் எண்களில் மட்டும்தான் ஏற்கும். மேல்வரிசை எண்களோ எழுத்துகளோ செல்லாது. லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் தனியாக ஒரு யுஎஸ்பி கீபோர்டு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றாலும் வழி இருக்கிறது, ஐந்தாம் பகுதியில் வருகிறது. கீபேடுக்கான ‘நம் லாக்’ (Num Lock) விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லேப்டாப்பில் எஃப்5, எஃப்11, எஃப்12 போன்றவை வெளிச்சத்தையும் ஒலியையும் மாற்றிக்கொண்டிருக்கும். எஃப்என் விசையைப் பூட்டும் வசதி அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் எஃப்11 பத்தி ஸ்டைல் பேனலையும் எஃப்12 பக்கங்கள் பேனலையும் திறக்கும்.

அடுத்தது தமிழ்த் தட்டச்சு. தமிழ் எழுதும் மென்பொருள் ஆனில் இருக்கும்போது ‘வி’ விசையைத் தட்டினால் இன்டிசைனுக்கு அந்த எழுத்து போய்ச் சேராது. கருவி மாறாது, அல்லது பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து விழும். லேஅவுட் நேரத்தில் கீபோர்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பிழை திருத்தும்போது மட்டும் தமிழுக்கு மாற்றி, திருத்தியதும் திரும்புங்கள்.

விண்டோஸில் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு கீபோர்டுகள் சேர்த்திருந்தால் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து மொழியை மாற்றும். இன்டிசைனின் முக்கியமான ஷார்ட்கட்டுகளில் பல கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் கேட்பவை. விரலை வைத்துவிட்டு யோசித்து எடுத்தாலே மொழி மாறிவிடும். விண்டோஸ் அமைப்புகளில் அந்த மாற்று விசையை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் போதும்.

பழைய கணினிகள் சிலவற்றில் கண்ட்ரோல் + ஆல்ட் + அம்பு விசை திரையையே திருப்பிவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலை அது. என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் எழுத்து இடைவெளியைக் கூட்டப் போய், திரை பக்கவாட்டில் திரும்பி, வைரஸ் என்று பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். டிரைவர் அமைப்பில் ஹாட்கீயை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக, கண்ட்ரோல் + கே அழுத்தி இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். அட்வான்ஸ்டு டைப் பகுதியில் டீஃபால்ட் கம்போசர் வேர்ல்டு ரெடி பேராகிராஃப் கம்போசராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்து, எழுத்துருவில் கோளாறு என்று தோன்றும். யூனிட்ஸ் அண்ட் இன்க்ரிமென்ட்ஸ் பகுதியில் எழுத்தளவுக்கும் வரி இடைவெளிக்கும் 2 புள்ளி, கெர்னிங்குக்கு, அதாவது எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளிக்கு, 20 என்று இருக்கும். அவற்றை முறையே 0.5, 5 ஆக்குங்கள். ஏன் என்பது ஆறாம் பகுதியில்.

2. கர்சர் எங்கே நிற்கிறது?

ஒரே விசை இரண்டு வேலை செய்யும். கர்சர் எழுத்துக்குள் நின்றால் அது எழுத்தைத் தட்டும். வெளியே நின்றால் கட்டளை. புதியவர்கள் சறுக்கும் இடங்களில் பாதி இதுதான்.

வி என்றால் செலக்ஷன் கருவி, டீ என்றால் எழுத்துக் கருவி, ஏ என்றால் டைரக்ட் செலக்ஷன், எஃப் என்றால் ஃபிரேம் (எழுத்தோ படமோ உட்காரும் பெட்டி), டபிள்யூ என்றால் அச்சில் வரப்போகும் தோற்றம். எல்லாம் ஒற்றை விசைகள். எழுத்துக்குள் நின்றுகொண்டு டபிள்யூவைத் தட்டினால் நாவலின் நடுவில் ஒரு ஆங்கில எழுத்து விழுந்துவிடும். புரூஃபில் கண்ணுக்குத் தப்பி அச்சிலும் வந்துவிட்ட ‘டபிள்யூ’வை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே முதலில் பழக வேண்டியது எஸ்கேப். எழுத்துக்குள் வேலை முடிந்ததும் எஸ்கேப் தட்டினால் செலக்ஷன் கருவிக்கு வந்துவிடுவீர்கள், பிறகு எந்த ஒற்றை விசையும் பாதுகாப்பு. மறுபடி எழுத்துக்குள் போக ஃபிரேமின் மேல் இரட்டைக் கிளிக் போதும். எஸ்கேப், டபிள்யூ; பார்த்தாயிற்று, மறுபடி டபிள்யூ. இரண்டு நாள் இதை மட்டும் பழகுங்கள்.

எஸ்கேப் தட்டாமல் டபிள்யூவுக்குக் கண்ட்ரோலைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது கோப்பை மூடும் ஷார்ட்கட்.

இன்னொரு அதிர்ச்சி டேப் விசை. எழுத்துக்கு வெளியே தட்டினால் எல்லாப் பேனலும் மறைந்துவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை, மறுபடி ஒருமுறை தட்டினால் வந்துவிடும்.

எதையும் தேர்ந்தெடுக்காத நிலை வேண்டுமென்றால் எஸ்கேப் தட்டிவிட்டு, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ. இது பிறகு இரண்டு இடங்களில் காப்பாற்றப் போகிறது.

3. பக்கங்களுக்கிடையே போய்வருவது

இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கண்ட்ரோல் + பூஜ்யம் ஒரு பக்கத்தைத் திரைக்குள் அடக்கும். ஆல்ட்டும் சேர்ந்தால் எதிரெதிர் இரண்டு பக்கங்களும் தெரியும். கண்ட்ரோல் + 1 நூறு சதவீதம். கண்ட்ரோல் + ஜே தட்டி, பக்க எண்ணைக் கொடுத்து என்டர் தட்டினால் அந்தப் பக்கம். பிழை திருத்தும்போது “137ஆம் பக்கம், மூன்றாவது பத்தி” என்று ஆசிரியர் குறித்து அனுப்புவார் அல்லவா, அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

கண்ட்ரோல் + பூஜ்யத்துக்கு மேல்வரிசை எண்ணைப் பயன்படுத்துங்கள். கீபேட் எண்கள் ஸ்டைலுக்கு ஒதுக்கப்பட்டவை.

4. கோப்பை உள்ளே கொண்டுவருவது

இங்கே வரிசை முக்கியம். பக்க எண்ணை முதலில் வையுங்கள். பக்கங்கள் பேனலில் மாஸ்டர் பக்கத்தை (இதில் வைப்பது எல்லாப் பக்கங்களிலும் வரும்) இரட்டைக் கிளிக் செய்து, அடியில் ஒரு சிறு எழுத்து ஃபிரேம் வரைந்து, உள்ளே கர்சர் வைத்து கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + என். புதிய பதிப்புகளில் மாஸ்டருக்குப் பேரண்ட் என்று பெயர். அங்கே எண் தெரியாது, ‘ஏ’ என்ற எழுத்துதான் தெரியும். அதை அழித்துவிட்டு 1 என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு எல்லாப் பக்கமும் முதல் பக்கம்தான்.

அடுத்து முதல் பக்கத்துக்கு வாருங்கள். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ தட்டி எதுவும் தேர்வில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு கண்ட்ரோல் + டி, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். தேர்வில் ஏதாவது ஃபிரேம் இருந்தால் அதில் இருப்பதை நீக்கிவிட்டு இது போய் உட்கார்ந்துவிடும், அதற்காகத்தான் அந்த ஷிஃப்ட் + ஏ.

மவுஸ் முனையில் எழுத்து தொங்கும். இப்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே பக்கத்தின் மேல் ஓரத்தில் கிளிக் செய்யுங்கள். தேவையான பக்கங்கள் தாமாகச் சேர்ந்து முழு நாவலும் ஓடிவிடும். ஷிஃப்ட் இல்லாமல் கிளிக் செய்தால் ஒரு பக்கம் மட்டும் நிரம்பி, ஃபிரேமின் மூலையில் சிவப்புப் பிளஸ் நிற்கும். அந்தப் பிளஸைக் கிளிக் செய்து அடுத்த பக்கம், அதன் பிளஸைக் கிளிக் செய்து அதற்கடுத்தது என்று ஒருவர் நாற்பது பக்கம் போயிருந்தார். நான் பார்த்தபோது டீ குடிக்க எழுந்துகொண்டிருந்தார்.

ஓடி முடிந்ததும் எழுத்துக்குள் கர்சர் வைத்து கண்ட்ரோல் + எண்ட். கடைசி வரி திரையில் வந்ததா, அசல் கோப்பின் கடைசி வரியும் அதுதானா என்று பாருங்கள்.

பிறகு கண்ட்ரோல் + ஆல்ட் + ஐ. பத்தி முடிவுகள், டேப்கள், இரட்டை இடைவெளிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். லேஅவுட் முடியும்வரை நான் இதை அணைப்பதில்லை. அச்சுத் தோற்றம் பார்க்க டபிள்யூ இருக்கிறதே.

5. ஸ்டைல்கள்: நேரம் மிச்சமாகும் இடம்

மற்ற ஷார்ட்கட் எல்லாம் சேர்ந்து மிச்சப்படுத்தும் நேரத்தைவிட இந்த ஒன்று மிச்சப்படுத்துவது அதிகம். சற்று நின்று படியுங்கள்.

நாவலுக்கு எத்தனை பத்தி ஸ்டைல் வேண்டும்? அத்தியாயத் தலைப்பு, அத்தியாயத்தின் முதல் பத்தி, சாதாரணப் பத்தி, கடிதம் அல்லது கவிதை வரி. நாலைந்துக்கு மேல் போகாது. பெயர்களை ஆங்கில எழுத்தில், முதல் இரண்டு எழுத்துகளே வேறுபடும்படி வையுங்கள். காரணம் பின்னால் தெரியும்.

ஷார்ட்கட் வைக்க, ஸ்டைல் பேனலில் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து எடிட் போங்கள். இரட்டைக் கிளிக் வேண்டாம். இரட்டைக் கிளிக் செய்தால் ஜன்னல் திறப்பதோடு, கர்சர் நிற்கும் பத்திக்கு அந்த ஸ்டைலும் ஏறிவிடும். ஷார்ட்கட் கட்டத்துக்குள் கிளிக் செய்து, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீபேட் எண் ஒன்றைத் தட்டுங்கள். நான் வைப்பது: 1 சாதாரணப் பத்தி, 2 முதல் பத்தி, 3 தலைப்பு, 4 கடிதம். எந்தப் புத்தகமானாலும் இதே எண்கள். விரல் ஒருமுறை கற்றால் போதும் என்பதற்காக.

ஆல்ட்டை மட்டும் கீபேட் எண்ணோடு சேர்க்காதீர்கள். விண்டோஸில் ஆல்ட் + கீபேட் எண் என்பது குறியீட்டு எண்ணால் எழுத்து போடும் வழி. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் சிலவும் ஆல்ட்டையும் எண்ணையும் மொழி மாற்றப் பிடித்துவைத்திருக்கின்றன. ஷிஃப்ட்டை மட்டும் சேர்ப்பதும் வேண்டாம். ஷிஃப்ட் அழுத்தியதும் கீபேட் எண்கள் ஹோம், எண்ட், அம்பு என்று மாறிக்கொள்ளும். கண்ட்ரோல், அது தீர்ந்தால் கண்ட்ரோல் + ஆல்ட். இவை இரண்டும் தகராறு செய்வதில்லை.

சரி, போடும் வரிசை. கர்சரை எழுத்துக்குள் வைத்து கண்ட்ரோல் + ஏ, உடனே கண்ட்ரோல் + கீபேட் 1. முழு நாவலும் சாதாரணப் பத்தி ஆகிவிடும். நாவலின் பெரும்பகுதி அதுதான், ஆகவே இனி விதிவிலக்குகளை மட்டும் தேடிப் போனால் போதும். கண்ட்ரோல் + கீழ் அம்பு ஒவ்வொரு பத்தியாகத் தாவும். தலைப்பில் 3, அடுத்த பத்தியில் 2, அப்படியே கீழே. பத்தி முழுவதையும் இழுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பத்திக்குள் எங்காவது கர்சர் நின்றாலே ஸ்டைல் ஏறும்.

கீபேட் இல்லாதவர்களுக்கு கண்ட்ரோல் + என்டர். மேல் மூலையில் ஒரு சிறு பெட்டி திறக்கும். ஸ்டைல் பெயரின் முதல் ஓரிரு எழுத்துகளைத் தட்டி என்டர் தட்டினால் ஏறிவிடும். இதற்குக் குயிக் அப்ளை என்று பெயர். ஆங்கிலப் பெயர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தமிழில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாற்ற வேண்டியிருக்கும். என்டருக்குப் பதில் ஆல்ட் + என்டர் தட்டினால், வேர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தனி மாற்றங்களும் கழன்றுவிடும். பழைய கோப்புகளைச் சுத்தம் செய்ய எனக்கு இது மிகவும் பிடித்த விசை. ஆனால் ஆசிரியர் வேண்டுமென்றே தடித்த எழுத்து போட்டிருந்தால் அதுவும் போய்விடலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று தவறுகளை இங்கே அடிக்கடி பார்க்கிறேன்.

கண்ட்ரோல் + என்டரைக் கீபேட்டின் என்டரில் தட்டுவது. அது பக்க முறிவு. கர்சருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். கண்ட்ரோல் இல்லாமல் கீபேட் என்டரைத் தட்டினால் பத்தி வராது, காலம் முறிவு, அதாவது நெடுவரிசை முறிவு வரும். பாதிப் பக்கம் காலியாக நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மறைந்த குறிகள் தெரிந்தால் முறிவின் குறியைப் பார்த்து அழித்துவிடலாம்.

எதுவும் தேர்வில் இல்லாதபோது ஸ்டைல் விசையைத் தட்டுவது. திரையில் ஒன்றும் நடக்காது, ஆனால் அந்த ஸ்டைல் கோப்பின் இயல்பு ஸ்டைல் ஆகிவிடும். அதற்குப் பிறகு வரையும் ஒவ்வொரு புது ஃபிரேமிலும் எழுத்து அத்தியாயத் தலைப்பு அளவில் வரும். சரிசெய்ய, மறுபடி எதையும் தேர்ந்தெடுக்காமல் ஸ்டைல் பேனலில் பேசிக் பேராகிராஃபைக் கிளிக் செய்யுங்கள்.

மூன்றாவது, வேர்டு பழக்கம். தடித்த எழுத்துக்குக் கண்ட்ரோலோடு போல்டுக்கான பியைத் தட்டினால் இங்கே ஃபிரேம் அமைப்புகள் திறக்கும். ஷிஃப்ட்டையும் சேர்த்தால்தான் போல்டு. அதுவும் அந்த எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இருந்தால் மட்டும். வேர்டு போல இன்டிசைன் எழுத்தைப் போலியாகத் தடிக்க வைக்காது.

6. வரிகளைச் சரிக்கட்டுவது

இரண்டு பக்கமும் நேராக நிறுத்தும் தமிழ்ப் பத்தியில் நீளச் சொற்களால் சில வரிகளில் சந்து விழும். பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கும். இதற்குப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + இட அம்பு. எழுத்து இடைவெளி இறுகி அந்தச் சொல் மேலே ஏறும். ஆல்ட் + வல அம்பு தளர்த்தும்.

முன்பு 20 என்று இருந்ததை 5 ஆக்கினோம். 20 ஆக இருந்தால் ஒரே தட்டில் அந்தப் பத்தி மட்டும் நெருக்கியடித்துத் தனியாகத் தெரியும். 5 வீதம் இரண்டு மூன்று தட்டு. அதற்குள் ஏறவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அடுத்த பத்தியில் வேறு வழி பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்ப கண்ட்ரோல் + ஆல்ட் + க்யூ.

ஆல்ட் + மேல், கீழ் அம்புகள் வரி இடைவெளியை மாற்றும். நாவலில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு பத்தியின் வரி இடைவெளி மாறினால் எதிர்ப் பக்கத்து வரிகளோடு நேர்கோடு தப்பும். மாற்ற வேண்டுமென்றால் ஸ்டைலிலேயே மாற்றுங்கள்.

இந்த வேலையை எல்லாப் பிழைதிருத்தமும் முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். முன்னாலேயே செய்தால், ஆசிரியர் ஒரு சொல்லைச் சேர்த்ததும் அந்த அத்தியாயத்தில் நீங்கள் சரிக்கட்டியதெல்லாம் வீண்.

7. படங்கள்

நாவலில் படம் குறைவு, ஆகவே மூன்று விசை போதும். ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + டி தட்டினால் படம் அதற்குள் வரும். கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + சி படத்தால் ஃபிரேமை நிரப்பும், ஓரம் வெட்டுப்படலாம். அதே மூன்றோடு ஈ தட்டினால் முழுப் படமும் உள்ளே அடங்கும், ஓரத்தில் வெள்ளை விடலாம். ஷிஃப்ட் விட்டுப்போய் கண்ட்ரோல் + ஆல்ட் + ஈ ஆகிவிட்டால் படம் ஃபிரேமின் அளவுக்கு இழுபட்டுவிடும். ஆசிரியரின் முகம் அகலமாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

8. சொந்த ஷார்ட்கட் வைப்பது

இதற்கு ஒரு புத்தகமாவது முடித்த பிறகு வாருங்கள். எது அடிக்கடி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

எடிட் மெனுவின் கடைசி வரிகளில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் இருக்கும். முதலில் நியூ செட் கொடுத்து உங்கள் பெயரில் ஒன்று உருவாக்குங்கள். இன்டிசைனுக்கு முந்தைய லேஅவுட் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0இன் ஷார்ட்கட் தொகுப்பும் அங்கே இருக்கிறது. பேஜ்மேக்கரில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு ஆசை வரும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். பக்கத்து மேசைக்காரருக்கு உதவவும் முடியாது, அவரிடம் கேட்கவும் முடியாது.

எனக்கு அடிக்கடி வேண்டியது லேஅவுட் மெனுவிலுள்ள மார்ஜின்ஸ் அண்ட் காலம்ஸ். அதற்கு இயல்பாக ஷார்ட்கட் கிடையாது. புராடக்ட் ஏரியாவில் லேஅவுட் மெனுவைத் தேர்ந்து, கட்டளையைத் தேர்ந்து, புது விசையைத் தட்டியதும் அது ஏற்கெனவே யாரிடம் இருக்கிறது என்று கீழே காட்டும். அந்த வரியைப் படிக்காமல் அசைன் தட்டிவிடாதீர்கள், பழைய வேலை அந்த விசையை இழந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட் இல்லாத ஒற்றை எழுத்தையும் வைக்காதீர்கள். காரணம் இரண்டாம் பகுதியிலேயே சொன்னதுதான்.

9. அனுப்புவதற்கு முன்

கண்ட்ரோல் + எஸ். பிறகு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி; லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணமோ சிவப்புக் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + எஃப் பிரீஃபிளைட் பேனல். ஃபிரேமுக்குள் அடங்காமல் நிற்கும் எழுத்தை அது பக்க எண்ணோடு காட்டும். இரண்டும் சுத்தமானால் கண்ட்ரோல் + ஈ, பிடிஎஃப் பிரிண்ட்.

அச்சகத்துக்கு மூலக் கோப்பும் வேண்டுமென்றால் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட்டோடு பேக்கேஜுக்கான பி. படங்களும் எழுத்துருக்களும் ஒரே ஃபோல்டருக்குள் வந்துவிடும்.

புத்தகம் போனதும் ஒரு சில்லறை வேலை பாக்கி இருக்கும். கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ஜன்னலில் ஷோ செட் தட்டினால் உங்கள் தொகுப்பு முழுவதும் எழுத்துக் கோப்பாகத் திறக்கும். இந்தப் புத்தகத்தில் கை தானாகப் போன விசைகளை அதிலிருந்து அழித்துவிட்டு, இன்னும் மெனுவில் தேடிக்கொண்டிருக்கும் மூன்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அந்த மூன்று.